பயறு மூட்டையைக் காப்போம், உயிரையும் காப்போம்

நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் பங்குனி, சித்திரை மாதங்களில் களத்துக்கு வருகின்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க முனைவதால் விலை இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் பொறுத்து விற்கலாம் என்று எண்ணும் சிறு விவசாயிக்குப் பெரிய பயம் வண்டுதான். அந்தப் பயத்தில் சிலர் எப்படியோ நச்சுவாயு மாத்திரையை வாங்கி வந்து மூட்டைக்குள் வைத்துவிடுகிறார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகள் உறங்குகின்றனர். இது உயிருக்கே ஆபத்தானது. மாத்திரை இல்லாமலே பயற்றைக் காக்க முடியும்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

பயறு வண்டு மூட்டையில் தானாக உண்டாவதில்லை. வயலில் முற்றிய காய்களின் மீதே தாய் வண்டு முட்டையிடத் தொடங்குகிறது. பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதன் முட்டையே. முட்டையிலிருந்து வரும் புழு பருப்பைக் குடைந்து உள்ளே வளர்ந்து, வட்டத் துளை வழியாக வண்டாக வெளிவரும். வெப்பமான காலத்தில் இதற்குச் சுமார் 4 வாரங்கள் போதும். ஒரு பெண் வண்டு 100 முட்டைகள் வரை இடக்கூடும். ஆகவே, சித்திரையில் கண்ணில் படாத சில வண்டுகள் ஆடிக்குள் மூட்டையையே பாழாக்கிவிடும்.

காய்ச்சலே முதல் காவல்

பயற்றைத் தூசி, உடைசல் நீக்கித் தூற்றி, தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்கு மேற்படாதவாறு காயவைக்க வேண்டும். கடித்தால் நசுங்காமல் ‘கடக்’கென்று உடைய வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பயறும் ஒரு பிடி உலர்ந்த தூள் உப்பும் இட்டுக் குலுக்கிப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் மிக அதிகம் என்று பொருள். ஒட்டாவிட்டாலும் மேலும் ஒரு நாள் வெயில் காட்டுவது நல்லது. சூடு ஆறிய பின்னரே மூட்டை கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சாணம் பிடிக்கும்.

அறையும் அடுக்கும்

பழைய தானியத்தைக் கூட்டி அப்புறப்படுத்தி, சுவர் வெடிப்புகளையும் எலி வளைகளையும் அடைத்து, சுண்ணாம்பு அடிக்கவும். காலி அறையின் சுவரிலும் தரையிலும் மாலத்தியான் 50 சதவிகித மருந்தை 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வீதம் கலந்து தெளித்து, நன்கு உலரவிடலாம். பயற்றின் மீது ஒருபோதும் தெளிக்கக் கூடாது. பழைய சாக்குகளை உதறி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

மூட்டைகளை வெறுந்தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து 2 அடி தள்ளி அடுக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினால் சரிந்து விழக்கூடும். உரம், பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் ஆகியவற்றை அதே அறையில் வைக்கக் கூடாது.

குறைந்த அளவுக்கு எளிய வழிகள்

வீட்டுத் தேவைப் பயற்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெயும், விதைப் பயற்றுக்கு அதே அளவு வேப்ப எண்ணெயும் சீராகப் பூசலாம். எண்ணெய் முட்டையை மூடிவிடுவதால் அது பொரிப்பதில்லை. பயற்றைப் பருப்பாக உடைத்து வைத்தாலும் இந்த வண்டின் தொல்லை வெகுவாகக் குறையும். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பையில் நன்கு காய்ந்த பயற்றை நிரப்பி இறுகக் கட்டினால், உள்ளிருக்கும் பூச்சிகள் பிராணவாயு இன்றி மடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, துளையிட்ட குழாய் வடிவப் பொறியைப் பயற்றினுள் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் சிக்கும். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் வண்டின் வரவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மாத்திரை வேண்டாம்

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடுகிறது. கதவிடுக்கு, ஓட்டு இடைவெளி வழியாக அது அடுத்த அறைக்கும் செல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே, காற்றுக் கசியாதபடி மூடிய கிடங்கில் இதனைக் கையாளலாம். சட்டமும் அவ்வாறே கட்டுப்படுத்தியுள்ளது. கசிவுள்ள வீட்டு அறையில் வாயு நிலைக்காததால், பருப்புக்குள் இருக்கும் புழு தப்பிவிடும், மனிதர்தான் மாட்டிக்கொள்வர். மாத்திரை வைத்த வீட்டில் யாருக்கேனும் தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் கண்டால், எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மாத்திரையின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும்.

மூட்டைகள் அதிகமிருந்தால் வீட்டில் வைக்காமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைக்கலாம். அவசரப் பணத்தேவைக்கு அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் உண்டு. காய்ச்சலுக்கு இரண்டு நாள் கூடுதலாகச் செலவிட்டால் பயறும் தங்கும், குடும்பமும் நிம்மதியாக உறங்கும்.