வாடகை, அட்வான்ஸ், வீட்டுக்கடன்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னையில் மாதம் நாற்பது, ஐம்பதாயிரம் சம்பளம் வரும் குடும்பத்துக்கும் முதல் தேதி பிறந்தால் முதல் கவலை வாடகைதான். பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து எல்லாம் அதற்குப் பிறகு. வீடு மாற வேண்டி வந்தால் அட்வான்ஸ், தரகர் கமிஷன், சாமான் ஏற்றும் வண்டி என்று சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்துவிடுகிறது. இது தொடர்பாகப் பரவலாக எழும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? பிறகு எப்படிப் பத்து மாதம் கேட்கிறார்கள்?

சட்டம் இருக்கிறது, ஓட்டையோடு இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு உடன்பாடு செய்துகொண்டால் அந்த வரம்பு பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? பதினைந்தாயிரம் வாடகைக்கு ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், சட்டத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்ல முடியாது. அந்த விதிவிலக்கை அரசு நீக்காதவரை மூன்று மாத வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது சரியா?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, மின்வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே மாறும். அட்வான்ஸை, நியாயமான பாக்கி போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் புதிய வீட்டுக்காரர் சாவி தருவதற்கு முன்பே அட்வான்ஸ் கேட்பார். பழைய வீட்டுக்காரர் 'அடுத்தவர் குடி வரட்டும், தருகிறேன்' என்பார். இடையில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஆகவே குடி போகும் அன்றே சுவர், குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பின்னால் பேச்சு வந்தால் கைகொடுக்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு செய்ய வேண்டியதில்லையே?

பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கவே பதினொரு மாத வழக்கம் வந்தது. புதிய வாடகைச் சட்டத்தில் இந்த உபாயம் செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பலருக்கும் தெரியாத ஒன்று: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி, காலி செய்ய உத்தரவிடும்படி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தை நாட முடியும். இருபது வருடப் பழக்கம், வாய்வார்த்தையே போதும் என்று இருக்கும் பெரியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாடகைக்கு உச்சவரம்பு உண்டா?

இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' நிர்ணயிக்கும் முறை இருந்தது. இப்போது இருவரும் பேசி முடிப்பதே வாடகை.

வாடகையாகக் கொடுக்கும் பணத்தை இ.எம்.ஐ.யாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும் என்கிறார்களே?

கணக்கைப் பாருங்கள். 40 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். முடிக்கும்போது கட்டியிருப்பது 83 லட்சத்துக்கு மேல். இது வட்டி மாறாமல் இருந்தால்.

மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 7 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவரின் தவணை ஏறத்தாழ 31,000. அதே அளவு கூடி வட்டி 9.5 ஆனால், முதல் மாத வட்டி மட்டுமே 31,667 ரூபாய். அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டின. அறுபது வயதுக்குப் பிறகும் தவணை ஓடும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிக் கிளையில் இந்தத் தேர்வை வலியுறுத்திக் கேளுங்கள்.

வரிச் சலுகையையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புதிய வருமான வரி முறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை. வாடகைப்படிக்கும் விலக்கு இல்லை.

இவ்வளவு அடுக்குமாடிகள் காலியாகக் கிடக்கின்றன. பிறகு ஏன் வீட்டுப் பற்றாக்குறை என்கிறார்கள்?

2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறக்குறைய 1.1 கோடி. மறுவருடம் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு கணக்கிட்ட பற்றாக்குறை 1.88 கோடி. இரண்டும் உண்மை. முதலீட்டுக்காகக் கட்டப்படும் வீடும் தேவைப்படுவோரின் வருமானமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பற்றாக்குறையில் 95 சதவீதம் குறைந்த வருவாய்ப் பிரிவினருடையது. பெரும்பகுதி இடநெருக்கடி, கல்யாணமான தம்பதிக்குத் தனி அறை இல்லாத வீடுகளும் அதில் அடக்கம். மகனும் மருமகளும் அறையில், பெற்றோர் ஹாலில், தங்கை சமையலறையில் என்று படுக்கும் குடும்பத்தை நாம் வீடற்றவர் என்று சொல்வதில்லை. அரசுக் கணக்கில் அதுவும் வீட்டுப் பற்றாக்குறைதான்.

நடைபாதைவாசிகளுக்கு அரசு வாரியம் வீடு கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுகிறார்களே?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உண்டு. மூட்டை தூக்குவது, பூக்கட்டி விற்பது, வீட்டு வேலை எல்லாம் அங்கேதான். வாரியம் வீடு கொடுக்கும் பெரும்பாக்கம் அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் விடியற்காலை சரக்கெடுக்கக் கிளம்பும் நேரத்தில் அந்தப் பஸ் வர வேண்டுமே. பள்ளி நடுவில் நின்றுபோகிறது, ரேஷன் அட்டை மாற்ற அலைச்சல். சுவரும் கூரையும் கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பிடுங்கினால் மனிதர் எங்கே போவார்? பிழைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு தருவதுதான் நியாயம்.

அதுவரை தெருவில் இருப்பவர்களுக்கு என்ன வழி?

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம் இரவும் பகலும் இயங்கும் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்களில் பெண்கள், குழந்தைகள், மனநலம் பாதிக்கப்பட்டோர், அரசு மருத்துவமனை நோயாளிகளுடன் வருவோர் ஆகியோருக்குத் தனித்தனி இடங்கள் உண்டு. தெருவில் தனித்து விடப்பட்டவரைக் கண்டால் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வர விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி ஏற்றிச் செல்லக் கூடாது.