ஈஸ்ட் இல்லாம ஒரு ரொட்டி

ஈஸ்ட் போடாம, மாவைப் புளிக்க வைக்காம, ரொட்டி பொசுபொசுன்னு வருமா?

வரும்! அயர்லாந்துக்காரங்க 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான் சுடுறாங்க. கோதுமை மாவு, சமையல் சோடா, உப்பு, புளிச்ச மோர், அவ்வளவுதான். சிலர் இதோட ஸ்டவுட்டும், ட்ரீக்கிளும் சேர்ப்பாங்க. ஸ்டவுட்னா, வறுத்த பார்லியில செய்யுற கறுப்பு பீர். ட்ரீக்கிள்னா, கெட்டியான கரும்புப் பாகு. கருத்த நிறமும் லேசான கசப்பும் இந்த ரெண்டுலதான் வருது.

சூட்சுமம் என்னன்னா, சோடாவும் புளிப்பும் சேர்ந்த உடனே கரியமில வாயு கிளம்பும். அந்தக் குமிழிகள்தான் மாவைத் தூக்குது. பிசைஞ்ச மாவை அப்படியே விட்டுட்டா வாயு போயிடும், ரொட்டி கல்லு மாதிரி ஆயிடும்.

நெமிலிச்சேரியில இருக்கிற நம்ம அடுப்படிக்கு பீர் தேவையே இல்லை. மளிகைக் கடை ஆப்ப சோடா, நல்லா புளிச்ச மோர், கரைச்சு மண் போக வடிகட்டி ஆறவச்ச கருப்பட்டிப் பாகு, இது போதும். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க: முதல்ல ஓவனைச் சூடாக்குங்க, அப்புறமா மாவுல மோரை ஊத்துங்க!