வெள்ளம் வடிந்தும் வடியாத அச்சம்

மும்பை: கடந்த 2005 ஜூலை 26-ம் தேதி மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. மித்தி ஆறு கரைபுரண்டதில் குர்லாவின் தாழ்வான குடியிருப்புகள் நீரில் மூழ்கின. மும்பையில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இத்தகைய பேரிடரில் உயிர் தப்பியோரில் சிலருக்கு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் மழை ஓசை கேட்டதும் பார்வை நிலைகுத்தும். அழைத்தால் பதில் வராது. தம் உடலே தமதல்ல என்று தோன்றும். தாங்கவொண்ணா அதிர்ச்சியிலிருந்து மனம் தன்னை விலக்கிக் காத்துக்கொள்ளும் இந்நிலையே, டிஸ்ஸோசியேஷன் எனப்படும் மன விலகல். பிரெஞ்சு அறிஞர் பியர் ழானே 1889-லேயே இதனை விரிவாக ஆராய்ந்தார். ஆனால், பேய் பிடித்ததாகவோ பாசாங்காகவோ இதனைக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை.

பாதிக்கப்பட்டவரை, நடந்ததை உடனே விவரிக்குமாறு வற்புறுத்தினால் விலகல் அதிகரிக்கக்கூடும். முதலில் பாதுகாப்பு உணர்வு, பின்னர் நினைவுகளை எதிர்கொள்ளல், இறுதியாக இயல்பு வாழ்வுடன் இணைதல் என மூன்று கட்டங்களை அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் வகுத்தார். பாதங்கள் தரையில் பதிவதை உணரச் செய்தல், எதிரே உள்ள பொருள்களின் பெயரைச் சொல்லச் செய்தல் போன்ற எளிய பயிற்சிகள் முதல் கட்டத்துக்கு உதவுகின்றன.

குர்லாவில் அந்த முதல் கட்டமே கடினம். மித்தியின் நீர்மட்டம் உயர்ந்ததால் 2025 ஆகஸ்டிலும் கரையோரக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. பழைய அச்சம் ஆறுமுன் புதிய வெள்ளம் வருகிறது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் இலவச ஆலோசனை பெறலாம். எனினும், ஆற்றங்கரையில் அச்சமின்றி உறங்க வழி செய்யாத வரை சிகிச்சை முழுமை பெறாது.