உட்கருவை விட்டு வெளிவரும் புரதம்

உட்கருவில் அதன் உத்தியோகம்

மனித சரீரத்தின் ஓர் உயிரணுவில் அடங்கியிருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவ்வளவு நீண்ட இழை கண்ணுக்குப் புலப்படாத உட்கருவுக்குள் சிக்கலின்றிச் சுருண்டு கிடப்பதும், வேண்டிய சமயத்தில் வேண்டிய பகுதி மட்டும் விரிந்து கொடுப்பதும், அதனோடு பிணைந்து நிற்கும் புரதங்களின் உபகாரத்தால் நடைபெறும் காரியங்களாகும். அவற்றுள் ஒன்றாகிய எச்.எம்.ஜி.பி.1 என்பதன் இனத்தை 1973-இல் கூட்வின், சாண்டர்ஸ், ஜான்ஸ் என்னும் மூவர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 215 அமினோ அமிலங்களாலான இச்சிறு புரதம் டி.என்.ஏ.வின்மேல் படிந்து அதைச் சற்றே வளைத்துக் கொடுக்க, மரபுச் செய்தியைப் படிக்க வரும் பிற புரதங்கள் அங்கே எளிதில் அமர்கின்றன. இது இல்லாமற் பிறக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிக் குட்டிகள், இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, பிறந்த சிறிது நேரத்திலேயே மாண்டன.

வெளியே வந்தால்

ஆயினும், உட்கருவுக்குள் இத்தனை சாதுவான இப்புரதம் இரத்தத்தில் கலந்துவிட்டால் அதன் சுபாவமே வேறு. 1999-இல் அமெரிக்காவில் ஹைச்சாவோ வாங், கெவின் டிரேசி ஆகியோரின் குழுவினர், பாக்டீரியாவின் நஞ்சை எலிகளுக்குச் செலுத்திப் பரிசோதித்தனர். அழற்சியை மூட்டும் டி.என்.எஃப். என்னும் பொருள் சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிட, எலிகளோ அதற்கு வெகுநேரம் கழித்தே இறந்தன. காரணத்தைத் தேடியவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்குப் பின் இரத்தத்தில் தலைகாட்டி, 16 முதல் 32 மணி வரை உச்சத்தில் நின்ற எச்.எம்.ஜி.பி.1 அகப்பட்டது. அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தாமதித்துக் கொடுத்தபோதுங்கூடப் பல எலிகள் பிழைத்தன.

நோய்க்கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் தாமே இதை வெளிவிடுவது ஒரு வகை. காயத்தாலோ நஞ்சாலோ உயிரணு வெடித்துச் சாகும்போது அதிலிருந்து ஒழுகுவது மற்றொரு வகை. காலம் முடிந்து முறைப்படி மடியும் உயிரணு இதைத் தன் உட்கருவுக்குள்ளேயே இறுகப் பற்றிக்கொண்டு மடிகிறது என்று 2002-இல் கண்டறிந்தார்கள். ஆகவே, வெளியே மிதக்கும் எச்.எம்.ஜி.பி.1 அகால மரணத்தை அறிவிக்கும் ஆபத்துச் சங்காகும். அதைக் கேட்டு வெள்ளணுக்கள் திரள்வதே நோய் எதிர்ப்பின் ஆரம்பம். சங்கு நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருப்பதுதான் வியாதி.

கல்நார்த் தூசியும் புற்றுநோயும்

ஓயாமல் ஒலிக்கும் இந்தச் சங்குக்குக் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. நம் ஊர்களில் இன்றும் கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அளவுக்கு அறுக்கும் தொழிலாளி, முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் குனிந்திருக்க, வாளின் பற்களிலிருந்து கிளம்பும் வெண்தூசி அவர் புருவத்திலும் மீசையிலும் படிவதை எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டே கடந்து போயிருப்போம். அத்தூசியிலுள்ள நுண்ணிழைகள் நுரையீரலின் உறை வரை சென்று தைத்து அங்குள்ள உயிரணுக்களைக் கொல்ல, எச்.எம்.ஜி.பி.1 ஒழுகுகிறது, வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன, இழையோ ஜீரணிக்க முடியாதது, ஆதலால் அழற்சி வருஷக்கணக்கில் நீடித்து, சாகவேண்டிய பழுதுற்ற உயிரணுக்கள் அதன் நடுவே பிழைத்துப் பெருகி, பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகளுக்குப் பிறகு மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோயாக முடிகின்றன.

இதனால் இப்புரதத்தைச் சத்துரு என்று தீர்ப்புக் கூறிவிடுவதும் அவசரமே. சில மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் மடியும் புற்றணுக்கள் இதே புரதத்தை வெளியிட்டே எஞ்சிய புற்றுநோயின்மேல் நோய் எதிர்ப்புச் சக்தியை ஏவுகின்றன என்பதை 2007-இல் எலிகளில் செய்த ஆராய்ச்சி காட்டியது.

மருந்தைத் தேடுமுன்

அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் இப்புரதத்தோடு ஒட்டி அதன் வேகத்தைத் தணிக்கிறது என்பது உண்மையே. அதைக் கேட்டவுடன் தினந்தோறும் அதிமதுரக் கஷாயம் குடிக்கப் புறப்படுவது விவேகமன்று; அளவு மீறினால் இரத்தக் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பும் தடுமாறும்.

செய்யத்தக்கவை வேறு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ துளையிடவோ நேர்ந்தால் நீரால் நனைத்துவிட்டு, நுண்தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். சாதாரணத் துணி போதாது. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியையும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸையும் அசட்டை செய்யாதீர்கள். இரண்டும் நீடித்த அழற்சியின் வழியே புற்றுநோய்க்கு இட்டுச் செல்பவை, முன்னதற்கு மருந்தும் பின்னதற்குத் தடுப்பூசியும் உண்டு. காய்ச்சலோடு மூச்சு இரைத்தாலும், பேச்சு குழறினாலும், சிறுநீர் குறைந்தாலும் அது, கிருமித் தொற்றால் உடலெங்கும் அழற்சி மூளும் செப்சிஸாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.