மனபாரத்தை எங்கே இறக்கி வைப்பது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையொட்டிப் பெய்த மழை விழுப்புரம் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. வயல்கள் மூழ்கின. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

அந்த நேரத்தில் சோறும் போர்வையும் கொடுக்கப் பல கைகள் நீண்டன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் வடியாமல் நின்றது ஒன்று உண்டு. சரக்கு நனைந்து போன கடைக்காரரின் கடன் கவலை அது. மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் கெடுகிற தாய்மாரின் பயம் அது. வெள்ளம் வராத வீடுகளிலும் இதே பாரம் வேறு பெயரில் இருக்கிறது. வளைகுடாவில் வேலை இழந்த மகன், தள்ளிப் போகும் மகளின் நிக்காஹ், நாள்பட்ட நோய் என்று அதற்குப் பல பெயர்கள்.

இந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது? தொழுகிறோம், ஓதுகிறோம், ஆனாலும் மனம் இலேசாகவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருக்குர்ஆனும் நபிவழியும் இதற்குத் தரும் பதிலைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இழப்பைக் குர்ஆன் மறைக்கவில்லை

அல்பகரா அத்தியாயத்தின் 155ஆம் வசனத்தில் அல்லாஹ் ஐந்து சோதனைகளை எண்ணிச் சொல்கிறான்: பயம், பசி, பொருள் இழப்பு, உயிர் இழப்பு, விளைச்சல் இழப்பு. வெள்ளத்தைப் பார்த்த நம் பகுதி மக்களுக்கு இந்தப் பட்டியலுக்கு விளக்கம் தேவையில்லை. ஈமான் கொண்டால் துன்பமே வராது என்று குர்ஆன் எங்கும் சொல்லவில்லை. வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அடுத்த வசனத்தில் கற்றுத் தருகிறது.

அதுதான் 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்'. நம்மில் பலருக்கு இது மௌத் செய்தி கேட்டால் சொல்லும் வார்த்தை மட்டுமே. ஆனால் எந்தத் துன்பத்துக்கும் உரிய வார்த்தையாகவே குர்ஆன் இதைச் சொல்கிறது. நாமே அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்லப் போகிறவர்கள் என்பது இதன் கருத்து. போன சரக்கும் நம்முடையதல்ல, நாமும் நம்முடையவர்கள் அல்ல. இதைப் பொருள் உணர்ந்து சொல்பவர் இழப்பின் கணக்கை உரியவனிடம் ஒப்படைக்கிறார். அப்படிச் சொல்பவர்களுக்கு அல்லாஹ்வின் அருளும் கருணையும் உண்டு என்று 157ஆம் வசனம் உறுதி கூறுகிறது.

அழுவது ஈமான் குறைவா?

துக்கத்தில் அழுகிறவரிடம் 'அழாதே, ஈமானுக்குக் கேடு' என்று சொல்வோர் உண்டு. இது பெரிய காயத்தை உண்டாக்கும் பேச்சு.

மகன் யூசுஃபை (அலை) இழந்த யஅகூப் நபியின் (அலை) கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது (12:84). அவர் நபி. அழகிய பொறுமையை மேற்கொண்டவர். அப்படியும் அழுதார். தம் கவலையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாக அவரே தம் பிள்ளைகளிடம் சொன்னார் (12:86). அண்ணல் நபி (ஸல்) அவர்களும் தம் சிறு மகன் இப்ராஹீம் உயிர் பிரியும் நேரத்தில் கண்ணீர் விட்டார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பொருத்தமில்லாத எதையும் பேச மாட்டோம் என்ற கருத்தில் அவர்கள் கூறியதை புகாரி பதிவு செய்துள்ளது.

ஆகவே தடுக்கப்பட்டது கண்ணீர் அல்ல. அல்லாஹ்வைக் குறை சொல்வதுதான் தவறு. அல்லாஹ்விடம் குறையைச் சொல்வது இபாதத்.

இடையில் யாரும் இல்லை

நபியே, உம்மிடம் கேட்கிறார்கள் என்று தொடங்கும் வசனங்கள் குர்ஆனில் பல உண்டு. மதுவைப் பற்றி, பிறைகளைப் பற்றி, அநாதைகளைப் பற்றி மக்கள் கேட்டார்கள். அவற்றுக்கெல்லாம் 'கூறுவீராக' என்று நபியின் வாயிலாகப் பதில் வருகிறது. ஆனால் என்னைப் பற்றி என் அடியார்கள் கேட்டால் என்று வரும் 2:186ஆம் வசனத்தில் அந்தச் சொல்லே இல்லை. தான் அருகில் இருப்பதாகவும், அழைப்பவரின் அழைப்புக்குப் பதில் தருவதாகவும் அல்லாஹ் நேரடியாகச் சொல்கிறான். இந்த நுட்பத்தைத் தஃப்ஸீர் அறிஞர்கள் எடுத்துக் காட்டியுள்ளார்கள். அடியானுக்கும் ரப்புக்கும் இடையே ஒரு சொல்லின் தூரம்கூட வைக்கப்படவில்லை.

இதற்கு நடந்த சான்றும் உண்டு. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்ற பெண்மணி, தம் கணவர் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் குடும்பமே கலைந்துவிடும் என்று பயந்து நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அதே வீட்டின் ஓரத்தில் இருந்த தமக்கே அந்தப் பேச்சில் சில காதில் விழவில்லை, ஆனால் அல்லாஹ் கேட்டுவிட்டான் என்று அன்னை ஆயிஷா (ரலி) வியந்தார்கள். அந்தப் பெண்ணின் முறையீட்டைத் தான் கேட்டதாகச் சொல்லியே 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. வீட்டு மூலையில் தனியாகப் புலம்பும் எந்தச் சகோதரியும் இனி 'என் பேச்சை யார் கேட்பார்' என்று எண்ணத் தேவையில்லை.

ஃபாத்திஹா ஓர் உரையாடல்

ஐவேளை பர்ளு தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்துகள் உள்ளன. சுன்னத்துகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். அவற்றில் அல்ஃபாத்திஹாவை நாமோ இமாமோ ஓதுகிறோம். பழகிப் போனதால் நாக்கு ஓடிவிடுகிறது, மனம் கடைக் கணக்கிலேயே நிற்கிறது.

தொழுகையைத் தனக்கும் தன் அடியானுக்கும் இடையே பங்கிட்டிருப்பதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி முஸ்லிமில் இருக்கிறது. அடியான் புகழும் வசனத்தை ஓதும்போது, என் அடியான் என்னைப் புகழ்ந்தான் என்கிறான் அல்லாஹ். அடுத்த வசனங்களுக்கும் அவ்வாறே பதில் சொல்கிறான். உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம் என்ற பொருளுள்ள வசனம் வரும்போது, இது எனக்கும் என் அடியானுக்கும் உரியது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான்.

அப்படியானால் தொழுகை ஒருவழிப் பேச்சு அல்ல. ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு நேரம் நிறுத்திப் பாருங்கள். எனக்குப் பதில் சொல்லப்படுகிறது என்ற உணர்வு வந்தால், அதே ஃபாத்திஹா புதிதாக இருக்கும். நபி (ஸல்) அவர்கள் பிலாலிடம் (ரலி) தொழுகைக்கு அழைத்து ஆறுதல் தரும்படி சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. தொழுது முடித்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ தொழுகையிலேயே ஓய்வு கண்டார்கள்.

எந்த மொழியில் கேட்பது?

அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸஜ்தாவில்தான், எனவே அதில் அதிகம் துஆ கேளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து (நூல்: முஸ்லிம்). ஸஜ்தாவில் நிதானமாகத் தங்கி, குர்ஆனிலும் ஹதீஸிலும் வந்த துஆக்களைப் பொருள் தெரிந்து கேட்கலாம். தொழுகைக்குள் தாய்மொழியில் கேட்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

ஆனால் தொழுகைக்கு வெளியே எந்தத் தடையும் இல்லை. நம் பகுதியில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு, உருது பேசும் குடும்பங்களும் உண்டு. எந்த மொழியில் அழுகை வருகிறதோ அந்த மொழியில் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை என்பதால் அல்லாஹ்விடமிருந்து விலகிவிட்டதாகச் சகோதரிகள் எண்ண வேண்டாம். துஆவுக்கும் திக்ருக்கும் அந்நாட்களில் தடை இல்லை. கூட்டேரிப்பட்டு வழியாகச் சென்னைக்கும் திருச்சிக்கும் வண்டி ஓட்டும் சகோதரர்கள் இதைக் கவனியுங்கள்: பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று என்று திர்மிதியில் வருகிறது. ஸ்டியரிங் பிடித்த நேரமும் கேட்கும் நேரம்தான்.

பொருள் தெரிந்து ஓதுவோம்

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழில் மார்க்க நூல்களையும் குர்ஆன் விளக்கங்களையும் ஆக்கினார்கள். குர்ஆன் ஓத மட்டுமே கற்ற பெண்களும் அவற்றால் வீட்டிலிருந்தே பொருள் அறிந்தார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் பல்லாண்டு உழைத்துத் திருக்குர்ஆனைத் தமிழில் பெயர்த்தார்கள். இன்று பல மொழிபெயர்ப்புகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. இனி நமக்குச் சாக்கு இல்லை.

நிறைய ஓத வேண்டும் என்று மலைக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு முழுவதும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதித் தொழுததாக நஸாயீயில் வருகிறது (அந்த வசனம் 5:118). அருளைப் பற்றிய வசனம் வந்தால் நிறுத்தி அருளைக் கேட்பார்கள், வேதனையைப் பற்றிய வசனம் வந்தால் பாதுகாப்புத் தேடுவார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: முஸ்லிம்).

ஆறுதல் தாமதமானால்

வஹீ வருவது சில காலம் நின்றபோது, இறைவன் கைவிட்டுவிட்டான் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அந்த வேதனைக்குப் பதிலாக இறங்கியதே 11 வசனங்கள் கொண்ட வள்ளுஹா அத்தியாயம். அதில் முதலில் ஆறுதல் வருகிறது. பிறகு அல்லாஹ் செய்த பழைய உதவிகள் நினைவூட்டப்படுகின்றன. கடைசியில் அநாதையை ஒடுக்காதே, கேட்டு வந்தவரை விரட்டாதே என்ற கட்டளைகள் வருகின்றன. ஆறுதல் பெற்றவர் அடுத்தவருக்கு ஆறுதலாக மாற வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். நம் துக்கத்திலும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது நம் மனதுக்கே மருந்து.

துஆ கேட்டும் நடக்கவில்லையே என்று அவசரப்பட வேண்டாம். கேட்டது உடனே கிடைக்கலாம், மறுமைக்குச் சேமிக்கப்படலாம், அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு விலக்கப்படலாம் என்று நபிமொழி சொல்கிறது (நூல்: அஹ்மத்).

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், 'தொழுதால் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் நம் நபிதான். மனநோயும் நோயே. 104 என்ற தமிழக அரசின் எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். துஆவும் தொடரட்டும், சிகிச்சையும் தொடரட்டும். கடன் கவலையும் அப்படியே. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கடன் சுமை ஆகியவற்றை ஒரே துஆவில் சேர்த்து நபியவர்கள் பாதுகாப்புத் தேடினார்கள் (நூல்: புகாரி). சோம்பலிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டவர், எழுந்து கடனுக்கு வழி தேட வேண்டும் அல்லவா?

இன்றிரவே தொடங்கலாம். இஷாவுக்குப் பின் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, வள்ளுஹாவைத் தமிழ்ப் பொருளுடன் குடும்பமாக உட்கார்ந்து ஒரு முறை வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியாக இரண்டு ரக்அத் தொழுது, ஸஜ்தாவில் சற்று அதிகம் தங்குங்கள். ஸலாம் கொடுத்தபின் கையேந்தி, மனதில் இருப்பதை நம் பேச்சிலேயே சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. உள்ளத்தில் இருப்பதை அறிந்தவனிடம்தான் பேசுகிறோம்.

கவலையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அல்லாஹ் நிம்மதியை இறக்குவானாக. ஆமீன்.