குறிப்பேடு ஏன் மெதுவாகத் திறக்கிறது?

சென்ற பருவத்தில் ஒருநாள் செய்முறை வகுப்பு முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பிறகு, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள். கையில் அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப். பதினொன்றாம் வகுப்பிலிருந்து தான் எழுதிய குறிப்புகளையெல்லாம் அதில் ஒரு குறிப்பேட்டு மென்பொருளில் தட்டச்சு செய்து சேர்த்திருக்கிறாள். ஏறத்தாழ 4000 துண்டுக் குறிப்புகள்.

"இதைத் திறக்க ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது சார். ஆனா ஒன்றரை ஜி.பி. சினிமாப் படம் தொட்ட உடனே ஓடுது. என் குறிப்பு எல்லாம் சேர்ந்தே பன்னிரண்டு எம்.பி.தான். இது எப்படி சார்?"

நல்ல கேள்வி. நூறு மடங்குக்கும் மேல் பெரிய பொருள் உடனே வருகிறது. சிறிய பொருள் காக்க வைக்கிறது. மென்பொருள் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் விடை அந்தப் பெட்டிக்குள் சுழலும் ஒரு தட்டில் இருக்கிறது. அது முழுக்க முழுக்க இயற்பியல்.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். கணிப்பொறியில் எழுத்துகளை அளக்கும் சிறு அலகு பைட். இன்று வழக்கில் உள்ள யூனிகோடு முறையில், கோப்பில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறிக்கும் பெரும்பாலும் மூன்று பைட் செலவாகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். ஆங்கிலத்தில் அதே பெயரை எழுத 5 பைட் போதும். இதைக் கேட்டுத் தமிழுக்கு அநியாயம் என்று வருந்த வேண்டாம். 200 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பக்கத்துக்கு 1500 குறிகள் வீதம் நிரப்பினாலும் 9 லட்சம் பைட்தான் வரும், ஒரு எம்.பி. கூட இல்லை. கரும்பலகையைக் கைபேசியில் ஒருமுறை படம் பிடித்தால் அந்த ஒரு படமே மூன்று எம்.பி. வரும். அதாவது மூன்று நோட்டுப் புத்தகங்களின் எடை! எழுதச் சோம்பி எல்லாவற்றையும் படம் பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். நம் மாணவி அப்படிச் செய்யவில்லை. அவளுடைய 4000 குறிப்புகளும் ஆளுக்கு 3000 பைட் அளவுள்ள சிறு கோப்புகள்.

ஊசியும் தட்டும்

அவளுடைய லேப்டாப்பில் இருப்பது பழைய வகை ஹார்ட் டிஸ்க். உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. கிராமபோன் ஊசியைப் போல ஒரு கை அதன் மேல் நகர்கிறது. ஆனால் கையின் நுனி தட்டைத் தொடுவதில்லை. தட்டோடு சேர்ந்து சுழலும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிமன் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கும் மேல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தட்டு ஒருமுறை சுற்ற 60ஐ 5400ஆல் வகுத்தால் 11.1 மில்லி வினாடி. வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை சரியான வட்டத்துக்கு நகர இத்தகைய தட்டுகளில் சுமார் 12 மில்லி வினாடி. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 17.5 மில்லி வினாடி. ஒரு குறிப்புக்கு இது ஒன்றுமே இல்லை. 4000 குறிப்புகள் தட்டில் சிதறிக் கிடந்தால்? 4000 பெருக்கல் 17.5 மில்லி வினாடி, 70 வினாடி! மாணவி தன் கைக்கடிகாரத்தில் கண்ட அதே 'ஒரு நிமிஷத்துக்கு மேல்'தான் இது. கரும்பலகையில் இந்தக் கணக்கு முடிந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சினிமாப் படமோ பெரும்பாலும் அடுத்தடுத்த இடங்களில் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும். ஊசி ஒருமுறை இடம் பிடித்துவிட்டால் போதும். தட்டு சுற்றச் சுற்ற வினாடிக்குப் பல பத்து எம்.பி. வந்து விழும். திருநெல்வேலிக்குப் போகும் எண்ட் டு எண்ட் பேருந்தும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போகும் பேருந்தும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. எஞ்சினில் பெரிய வேறுபாடு இல்லை. நேரத்தைத் தின்பது நின்று கிளம்புவதுதான்.

இங்கே அவளே ஒரு மறுப்புச் சொன்னாள். மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் நாலைந்து வினாடியில் திறக்கிறதாம். தட்டு அதேதானே? ஆம், ஆனால் இரண்டாம் முறை கணிப்பொறி தட்டிடம் போவதே இல்லை. ஒருமுறை படித்ததை 'ராம்' எனப்படும் நினைவகத்தில் காலியிடம் உள்ளவரை வைத்திருக்கிறது. ராமில் அசையும் பாகம் ஏதும் இல்லை. அங்கிருந்து ஒன்றை எடுக்க வினாடியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு போதும். ராமுக்கு ஆகும் நேரத்தை ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், அதே அளவுகோலில் தட்டுக்கு ஆவது இரண்டு நாள்! இணைய உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் ராம் நிரம்பும். குறிப்புகள் வெளியே தள்ளப்படும். மறுபடி தட்டுக்கு ஓட வேண்டும். நினைவகம் கூடினால் கணிப்பொறி வேகமாவது போலத் தோன்றுவதற்குப் பெரிய காரணம் இதுவே.

எல்லாரும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது பிராசசரைப் பற்றி. குறிப்பேட்டு வேலையில் அதன் பங்கு சொற்பம். 200 கோடித் துடிப்பு ஓடும் சாதாரண பிராசசர், பைட் ஒன்றுக்குப் பத்துத் துடிப்பு செலவிட்டாலும், 12 எம்.பி.யையும் ஒரு சொல்லுக்காகத் துழாவி முடிக்க வினாடியில் பதினாறில் ஒரு பங்குதான் ஆகும்.

சுழலும் தட்டுக்குப் பதிலாக இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் சிறைப்பட்ட சில எலெக்ட்ரான்கள். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் வெளியிட்ட 'ஃபிளாஷ்' நினைவகத்தின் வழிவந்தது இது. எங்கே இருந்தாலும் ஒரு குறிப்பை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி வினாடி. 4000 குறிப்புக்கு அரை வினாடிக்கும் குறைவு. மென்பொருள் தன் பங்குக்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பழைய லேப்டாப்பைத் தூக்கி எறியாமல் தட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். "இதுக்கு இன்னொரு பிரதி எங்க வச்சிருக்கே?"

"டி டிரைவில் வச்சிருக்கேன் சார்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் உண்டு.

2017, நவம்பர் 30

ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தை உலுக்கிய நாள் அது. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பவில்லை. அந்தப் பெருந்துயரத்தின் முன் என் இழப்பைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கள் பல ஆயின. நான் பணியில் சேர்ந்த புதிது. வெப்ப இயக்கவியல் பாடம் முழுவதற்கும் ஓராண்டாகத் தட்டச்சு செய்த குறிப்புகள் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தன. சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று. மிகவும் கவனமான ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு!

மின்சாரம் வந்தது, போனது, மறுபடி வந்தது. கணிப்பொறியைப் போட்டேன். தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஓசை. ஊசி இடம் தேடித் தேடித் தவறும் ஓசை அது. பழுது பார்ப்பவர் கையை விரித்தார்.

சி, டி என்பவை இரண்டு தட்டுகள் அல்ல. பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் அவை ஒரே தட்டின் மேல் கிழித்த கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். ஒரே வயலில் வரப்பு போட்டு இரண்டு வயல் என்று சொல்லலாம். வெள்ளம் வந்தால் இரண்டும் போகும்.

மின்சாரம் திடீரென நின்றால் தட்டு தன்னைக் காத்துக்கொள்ள ஓர் அழகான ஏற்பாடு உண்டு. மின்சாரம் நின்றாலும் தட்டு நிலைமத்தால் சிறிது சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது அதைச் சுழற்றிய மோட்டாரே மின்னாக்கியாக மாறுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டே கை பத்திரமான இடத்துக்கு இழுக்கப்படுகிறது. ஃபாரடே கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் இந்த ஏற்பாடு ஊசியைத்தான் காக்கும், எழுத்தை அல்ல. நாம் 'சேமி' என்று சொன்னவுடன் கணிப்பொறி தட்டில் எழுதிவிடுவதில்லை. முதலில் ராமில் வைத்துக்கொண்டு, சில வினாடி கழித்து, சில சமயம் அரை நிமிடம் கழித்தும், மொத்தமாக எழுதுகிறது. ஊசியின் ஓட்டத்தைக் குறைக்கும் அதே சிக்கனம்தான். வேகத்துக்குக் கொடுக்கும் விலை. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் குறிப்பு அரைகுறையாக நிற்கும். பென்டிரைவை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்குவதும் இதே விபத்துதான்.

என் குறிப்புகளில் ஒரு பகுதி பிழைத்தது. பின்வரிசையில் உட்காரும் மாணவி ஒருத்தி வகுப்பில் நான் சொன்னதையெல்லாம் கையால் எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டைக் கடன் வாங்கி நான் மறுபடி தட்டச்சு செய்தேன். என்ட்ரோபிப் பகுதியில் நான் போட்ட ஒரு கூட்டல் கழித்தல் குறிப் பிழையைப் பென்சிலால் திருத்தியும் வைத்திருந்தாள்!

அவள் நோட்டு ஏன் தப்பியது? வேறு வீட்டில், வேறு பொருளில் இருந்தது. காகிதத்துக்கு மின்னழுத்தம் ஏறி இறங்குவது பற்றிக் கவலையில்லை. ஒரு பேச்சுக்கு, ஒரு பிரதி ஓராண்டில் அழிய இருபதில் ஒரு வாய்ப்பு என்று கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பிரதிகளும் அதே ஆண்டில் அழிய நானூறில் ஒன்று. மூன்றும் அழிய எட்டாயிரத்தில் ஒன்று. ஆனால் இந்தப் பெருக்கல் செல்ல வேண்டுமானால் 'தொடர்பில்லாத' என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டும். ஒரே மேசையில், ஒரே பிளக்கில், ஒரே தட்டில் உள்ள பிரதிகளுக்குக் கணக்கு மறுபடி இருபதில் ஒன்றுதான்.

ஓலையில் எழுதிய காலத்தில் ஏட்டைப் பெயர்த்தெழுதுவது வழக்கமான வேலை. பூச்சியும் ஈரமும் ஓலையைத் தின்னும் என்பதால், ஏடு நைவதற்குள் புது ஓலையில் எழுதிக்கொள்வார்கள். நாஞ்சில் நாட்டிலேயே அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பழைய ஆவண ஓலைகள் இருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றை ஆராய்ந்தார், பிற்காலத்தில் அ.கா. பெருமாள் நூலாகவும் பதிப்பித்தார். ஒரு வீட்டுப் பெட்டியில் இருந்த எழுத்து இன்று பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது.

பென்டிரைவை அந்த ஓலைப் பெட்டி போல நம்ப முடியாது. அதன் நுண்ணறையில் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்திருப்பது மெல்லிய ஆக்சைடு சுவர். வெப்பம் கூடக் கூடக் கசிவு கூடும். அழித்து எழுத எழுதச் சுவரும் தேயும். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் பெட்டியில் கிடக்கும் பென்டிரைவுக்கு ஆயுள் குறைவு. எங்கள் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிப்பது வேறு. எஸ்.எஸ்.டி.யும் இந்த இனமே. சாகும்போது ஹார்ட் டிஸ்க்காவது 'டக், டக்' என்று சொல்லிவிட்டுச் சாகும். இது பல சமயம் ஓசையின்றிப் போய்விடும்.

இணையத்தில் தானாகப் பதிவாகிறதே, போதாதா என்பார்கள். அது வெளியூர்ப் பிரதி என்ற அளவில் நல்லது. ஆனால் இரு பக்கமும் ஒன்றுபோல வைத்திருப்பதே அதன் வேலை. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிக்கும். பழைய நிலைகளையும் சேர்த்து வைக்கும் வசதி உண்டா, எத்தனை நாளுக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிரதி கெடாமலே படிக்க முடியாமல் போகலாம். மூத்த ஆசிரியர் ஒருவர் 1990களில் பிளாப்பியில் சேமித்த குறிப்புகளைக் கொண்டு வந்தார். பிளாப்பியைப் படிக்கும் கருவி தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமற்ற குறிகள்! அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனிக் குறியீடு. தமிழ் 1991லேயே யூனிகோடில் இடம் பெற்றுவிட்டாலும் புழக்கத்துக்கு வர வெகுநாள் பிடித்தது. எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகே குறிப்புகள் உயிர் பெற்றன. ஆகவே குறிப்பேட்டு மென்பொருள் வாங்குமுன் அதிலிருந்து சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க வழி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

நம் மாணவிக்கு வருவோம். பென்டிரைவில் 4000 கோப்புகளையும் அப்படியே நகலெடுத்தபோது பல நிமிடங்கள் ஆகி அலுத்துப்போய்த்தான் டி டிரைவோடு நின்றிருக்கிறாள். ஒவ்வொரு சிறு கோப்புக்கும் பென்டிரைவின் பெயர்ப் பட்டியலில் ஒரு பதிவு வேண்டும். அதிலோ பெரிய கட்டமாக அழித்துத்தான் எழுத முடியும். நின்று கிளம்பும் பேருந்துக் கதைதான் இங்கும். எல்லாவற்றையும் முதலில் 'ஜிப்' என்ற ஒரே பொட்டலமாகக் கட்டச் சொன்னேன். பொட்டலம் பென்டிரைவுக்குப் போக இரண்டே வினாடி. பொட்டலத்தில் ஓரிடம் கெட்டால் மற்றதையும் பாதிக்கலாம் என்பதால் இரண்டு பென்டிரைவ்கள். நகலெடுத்த பிறகு ஒருமுறை பிரித்துப் படித்துப் பார்ப்பது.

விடுமுறையில் தட்டை மாற்றிவிட்டாள். குறிப்பேடு இப்போது மூன்று வினாடியில் திறக்கிறதாம். ஒரு பென்டிரைவ் வீட்டில். மற்றொன்று மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டு அலமாரியில், மேலே தேதி எழுதி ஒட்டியிருக்கிறதாம். மாதம் ஒருமுறை அங்கே போகும்போது இரண்டையும் மாற்றி வைக்கிறாள்.