அலமாரிக்குள் உறங்கும் படப் புத்தகங்கள்

புது தில்லி: தொடக்கப் பள்ளிக்கு நூலகம் வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் எந்த அரசுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. 1987-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்த கரும்பலகைத் திட்டம், பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்பதோடு நூலகப் புத்தகங்களையும் அத்தியாவசியப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்கள், சஞ்சிகைகள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களைக் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால், அதே அட்டவணையில் நூலகர் என்றொரு பணியிடம் இல்லை.

புத்தகம் வாங்கச் சட்டம் உண்டு. அதைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. இந்த இடைவெளியில்தான் வட மாநிலங்களின் தொடக்கப் பள்ளி நூலகங்கள் பல ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கின்றன. வந்த புத்தகங்கள் தலைமை ஆசிரியர் அறையின் இரும்பு அலமாரிக்குள் போகின்றன. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தாலோ கிழிந்தாலோ தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ஆறு வயதுக் குழந்தையிடம் கொடுத்த படப் புத்தகம் கிழியாமல் திரும்புமா? அலமாரியைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று அவர் கருதினால் அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

வாரம் ஒரு பாடவேளை

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) உருவாக்கிய 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு இதற்கு ஒரு வழி சொன்னது. வாரத்தில் ஒரு பாடவேளையை நூலக வாசிப்புக்கு ஒதுக்க வேண்டும். சென்ற வாரம் எடுத்துச் சென்ற புத்தகத்தைக் குழந்தைகள் திருப்பிக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும். தனி அறை இல்லாத பள்ளியில் ஆசிரியரே வயதுக்கேற்ற புத்தகங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து பரப்பி வைக்கலாம் என்றது. எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை ஆசிரியர் அல்ல, குழந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. அறை இல்லை என்ற வழக்கமான சாக்குக்கு அன்றே விடை தரப்பட்டுவிட்டது.

இந்தப் பாடவேளையில் செய்யப்படுவது மிக எளிய காரியம். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்கிறார். குழந்தைகள் அரைவட்டமாகச் சூழ்ந்து உட்காருகின்றனர். அட்டைப் படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். பிறகு, எல்லோருக்கும் படம் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரிகளின்மேல் விரலை ஓட்டி வாய்விட்டு வாசிக்கிறார். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன், அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி. எழுத்து தெரியாத குழந்தையும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். ஏனெனில், விடை படத்தில் இருக்கிறது. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத பாடவேளை என்பதால்தானோ என்னவோ, பாடம் முடிக்க நேரம் போதாதபோது முதலில் பலியாவதும் இதுவே.

மதுராவில் ஒரு முயற்சி

இந்த முறையை அரசே முன்னின்று சோதித்துப் பார்த்ததும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மதுரா மாவட்ட அரசுப் பள்ளிகளில், முதல் இரண்டு வகுப்புகளுக்கு "வாசிப்பு மூலை" அமைக்கும் திட்டத்தை என்.சி.இ.ஆர்.டி. நடத்தியது. அதன் தொடர்ச்சியாக, கல்வியாளர் கிருஷ்ண குமார் அதன் இயக்குநராக இருந்தபோது 2008-ல் வெளிவந்ததுதான் "பர்கா" வரிசை. பர்கா என்றால் மழை. மொத்தம் 40 சிறு நூல்கள், நான்கு படிநிலைகள். உறவு, விளையாட்டு, உணவு, விலங்கு, பறவை என்று குழந்தையின் கண்முன் இருப்பவையே கதைக் கரு. நீதி போதனை இல்லை. ஒரு நூலின் தலைப்பு "உப்பிய ரொட்டி". அடுப்பில் ரொட்டி உப்புவதைப் பார்த்திராத குழந்தை அந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. படத்தில் ரொட்டி உப்பியிருப்பதைக் கண்ட குழந்தை, கீழே அச்சாகியிருக்கும் சொல் என்னவென்று ஊகித்துவிடுகிறது. வாசிப்பு அங்கிருந்து தொடங்குகிறது.

மதுராவைச் சோதனைக் களமாகக் கொண்டதில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது சூர்தாசர் பாடிய பிரஜ் மொழியின் மண். தமிழகத்தில் "இந்தி பேசும் மாநிலங்கள்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் பரப்பில், வீட்டில் பேசும் மொழியும் பாடநூல் மொழியும் ஒன்றல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தி பேசுவோர் சுமார் 52.8 கோடி பேர் என்கிறது. அந்தத் தலைப்பின்கீழ் 50-க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் சேர்க்கப்பட்டுள்ளன. இந்தியையே தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 32 கோடி பேர்தான். போஜ்புரி பேசுவோர் மட்டும் 5 கோடிக்கு மேல். முதல் வகுப்பில் நுழையும் போஜ்புரிக் குழந்தைக்கும் சத்தீஸ்கரிக் குழந்தைக்கும் பாடநூலின் இந்தி பாதி அன்னியமானது. படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் அக்குழந்தை தன் வீட்டுச் சொல்லால் விடை சொல்லும். அதை ஆசிரியர் தவறு என்று திருத்தாமல் ஏற்றுக்கொள்கிறாரா என்பதில்தான் அந்தப் பாடவேளையின் வெற்றி அடங்கியிருக்கிறது.

பழங்குடிக் குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். பாடநூலில் அவர்களது வீடும் காடும் அரிதாகவே இடம் பெறுகின்றன. சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகத்தின் "காளியும் சாரைப் பாம்பும்" கதையில், பாம்பு பிடிக்கும் இருளர் வீட்டுச் சிறுவன் பள்ளியில் ஒதுங்கி நிற்கிறான்; வகுப்புக்குள் பாம்பு நுழையும் நாளில் அவன் கற்ற வித்தைதான் கைகொடுக்கிறது. இத்தகைய புத்தகத்தை வகுப்பில் வாசிக்கும்போது அதுவரை வாய் திறக்காத பிள்ளைக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

நல்ல படப் புத்தகங்களுக்குத் தலைநகரில் நீண்ட மரபு உண்டு. கேரளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர், குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவியது 1957-ல். நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் உள்ள நேரு இல்லம்தான் அதன் முகவரி. நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில். வண்ண அச்சுக்குச் செலவு அதிகம். எனவே, படங்களை மாற்றாமல் எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றி அச்சிட்டு விலையைக் குறைக்கும் முறை கையாளப்பட்டது. 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் தன் கதைகளை எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது.

ஆக, புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பணத்துக்கு? 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 ஆயிரம் முதல் ரூ. 20 ஆயிரம் வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிக்கு உரியது அதில் மிகக் குறைந்த தொகையான ரூ. 5 ஆயிரம். அதுவும் நிதியாண்டு முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தால், தேர்ந்தெடுக்க அவகாசமின்றிக் கிடைத்ததை வாங்கிக் கணக்கை முடிக்கும் நிலை ஏற்படுகிறது. மத்திய, மாநில அரசுகளின் பிணக்கும் இதில் குறுக்கிடுகிறது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர மறுத்த தமிழகத்துக்கு, 2024-25-ல் சமக்ர சிக்ஷாவின் கீழ் வரவேண்டிய ரூ. 2,152 கோடி விடுவிக்கப்படவில்லை. நூலக மானியம் வருவதும் இதே திட்டத்தின் வழியாகத்தான்.

இத்தனைக்கும் நடுவில் மெல்ல ஒரு மாற்றம் தென்படுகிறது. பிரதம் அமைப்பின் "அசர்" ஆய்வுக் குழுவினர் கிராமப்புறப் பள்ளிகளுக்குச் சென்ற நாளில், மாணவர்கள் கையில் பாடநூல் அல்லாத புத்தகங்கள் இருந்த பள்ளிகள் 2018-ல் 36.9 சதவீதம். 2024-ல் இது 51.3 சதவீதமாக உயர்ந்தது. சரிபாதிப் பள்ளிகளிலாவது அலமாரி திறக்கிறது. ஆனால், அதே 2024 ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் கிராமப்புறக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தோர் 48.8 சதவீதம் பேர் மட்டுமே. மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று 2021-ல் தொடங்கிய "நிபுண் பாரத்" இயக்கம் விதித்துக்கொண்ட கெடு 2026-27.

கெடு நெருங்க நெருங்க மாவட்ட அதிகாரிகளிடமிருந்து பள்ளிகளுக்குப் போகும் சுற்றறிக்கைகள் அதிகரிக்கும். மதிப்பீட்டுப் படிவங்களும் பெருகும். அவற்றோடு, கிழிந்த படப் புத்தகத்தைப் பதிவேட்டிலிருந்து கழித்துக்கொள்ள ஆசிரியருக்கு அனுமதி தரும் ஒரு சுற்றறிக்கையும் போனால், அதற்குத் தனியாக நிதி எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை.